வைக்கம் தெருவைத் திறந்தது யார்? சேது லட்சுமி பாயியின் 7 ஆண்டு ஆட்சி: ஒரு விளக்கம்

கொச்சியில் வேலை பார்க்கிற தமிழர்களுக்கு வைட்டிலாவைத் தெரியாமல் இருக்காது. ஊரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்தால் விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு இறங்குகிற இடம் அதுதான். அங்கிருந்து மெட்ரோ பிடிக்கலாம். காக்கநாடு பக்கம் ஆபீஸ் என்றால் 2023-ல் வந்த வாட்டர் மெட்ரோவும் இருக்கிறது. வைட்டிலாவிலிருந்து தெற்கே, திரிப்பூணித்துறா தாண்டிப் போனால் சுமார் 30 கிலோமீட்டரில் ஒரு சின்ன ஊர் வரும். பேரைச் சொன்னதும் உங்களுக்குப் பள்ளிப் பாடப்புத்தகம் ஞாபகம் வரும். வைக்கம்.

வைக்கம் என்றால் நமக்குப் பெரியார். கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஈழவர், புலையர் உள்ளிட்ட மக்கள் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து நடந்த போராட்டம். ஈரோட்டிலிருந்து போய் அங்கே ஜெயிலுக்குப் போன ஈ.வெ.ரா. இவ்வளவும் நமக்குத் தெரியும்.

சரி, எதிர்ப்பக்கம் யார் இருந்தார்கள்? அந்தத் தெருக்களைத் திறக்கும் உத்தரவு யாருடைய ஆட்சியில் வந்தது? 28 வயதில் திருவிதாங்கூர் ராஜ்யத்தின் பொறுப்பை ஏற்ற ஒரு பெண். பெயர் சேது லட்சுமி பாயி. இவரைப் பற்றி நம் பாடப்புத்தகத்தில் தேடினால் அதிகம் கிடைக்காது.

அவரை ஒரேயடியாகப் புகழ்கிறவர்களும் உண்டு, 'எல்லாம் போராட்டத்தால் வந்தது, ராணிக்கு என்ன பங்கு' என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. தேதிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் இரண்டும் பாதிக் கதைதான் என்று தெரியும்.

முதலில் சுருக்கமாக

- சேது லட்சுமி பாயி 1924 செப்டம்பர் 1 முதல் 1931 நவம்பர் 6 வரை திருவிதாங்கூரை ரீஜன்டாக ஆண்டவர். ஓவியர் ராஜா ரவி வர்மாவின் பேத்தி.
- வைக்கம் போராட்டம் நடந்த 603 நாட்களில் சுமார் 448 நாட்கள் இவருடைய ஆட்சியில் கழிந்தவை.
- சட்டசபையில் முதல் பெண் உறுப்பினர், கோயில்களில் மிருக பலிக்குத் தடை, தேவதாசி முறைக்கு முடிவு, கிராமப் பஞ்சாயத்துச் சட்டம், மருமக்கத்தாயச் சொத்துரிமையில் மாற்றம் ஆகியவை இவர் காலத்தில் வந்தவை.
- பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டு போட்ட 1926 சட்டமும் இவர் காலத்தில் வந்ததுதான்.
- கோயில் நுழைவு இவர் காலத்தில் வரவில்லை. அது 1936-ல், அடுத்த மன்னர் காலத்தில் வந்தது.

யார் இந்த சேது லட்சுமி பாயி?

1895 நவம்பர் 9-ம் தேதி மாவேலிக்கரையில் பிறந்தவர். அம்மா வழித் தாத்தா ராஜா ரவி வர்மா. ஆமாம், காலண்டரில் பார்க்கிற லட்சுமி, சரஸ்வதி படங்களை வரைந்த அதே ரவி வர்மா.

திருவிதாங்கூர் ராஜ குடும்பத்தில் ஒரு வித்தியாசமான முறை இருந்தது. ராஜாவின் மகன் அடுத்த ராஜா ஆக முடியாது. ராஜாவின் சகோதரி மகனோ, சகோதரியின் மகள் வழிப் பேரனோதான் ஆக முடியும். இதைத்தான் மருமக்கத்தாயம் என்பார்கள். அதனால் அங்கே 'ராணி' என்றால் ராஜாவின் மனைவி கிடையாது. ராஜாவின் சகோதரி, சகோதரியின் மகள் போன்றவர்கள்தான் ராணி. ராஜாவைக் கல்யாணம் செய்தவர் 'அம்மச்சி' மட்டுமே.

1900-ல் குடும்பத்தில் வாரிசு கொடுக்கப் பெண்கள் இல்லாத நிலை. அதனால் ரவி வர்மாவின் இரண்டு பேத்திகளைத் தத்தெடுத்தார்கள். ஒருவர் சேது லட்சுமி பாயி. இன்னொருவர் அவருடைய சித்தி மகள் சேது பார்வதி பாயி. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் இன்றைக்கும் பலர் இரண்டு பேரையும் குழப்பிக்கொள்கிறார்கள். அடுத்த வருஷமே அப்போதைய மூத்த ராணி இறந்துவிட, சேது லட்சுமி பாயி சின்னக் குழந்தையாக இருக்கும்போதே மூத்த ராணி ஆகிவிட்டார்.

இந்தக் கதைக்குத் திருப்பம் கொடுப்பது இன்னொரு விஷயம். முதலில் ஆண் குழந்தை பிறந்தது சின்ன ராணியான சேது பார்வதி பாயிக்கு. 1912-ல் பிறந்த அந்தக் குழந்தைதான் சித்திரைத் திருநாள் பலராம வர்மா. 1924 ஆகஸ்ட் 7-ம் தேதி, 39 வருஷம் ஆண்ட மூலம் திருநாள் ராஜா இறந்தபோது சித்திரைத் திருநாளுக்கு வயது 11. ஆட்சி நடத்த முடியாது. அதனால் அவருக்குப் பெரியம்மா முறையான சேது லட்சுமி பாயி ரீஜன்ட் ஆனார்.

ரீஜன்ட் என்றால் என்ன அதிகாரம்?

எளிமையாகச் சொன்னால், மன்னர் மேஜர் ஆகும் வரை அவருக்குப் பதிலாக ஆள்பவர். கையெழுத்துப் போட, திவானை நியமிக்க, சட்டத்துக்கு ஒப்புதல் தர, எல்லாவற்றுக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் மூன்று பக்கம் அழுத்தமும் உண்டு.

முதலாவது, பிரிட்டிஷ் அரசின் ரெசிடென்ட். முக்கியமான எந்த முடிவும் அவர் கண்ணில் படாமல் போகாது. இரண்டாவது, கோயிலை வைத்து அதிகாரம் செலுத்திய மேல்சாதி ஆசாரவாதிகள். திருவிதாங்கூர் மன்னர்கள் பத்மநாபசுவாமியின் தாசர்களாகத் தங்களைச் சொல்லிக்கொண்டு ஆண்டவர்கள். கோயில் விஷயத்தில் கை வைப்பது அரியணையிலேயே கை வைப்பது மாதிரி. மூன்றாவது, அரண்மனைக்கு உள்ளேயே இருந்த போட்டி. வருங்கால மன்னரின் அம்மா இருக்கும்போது, அதிகாரம் பெரியம்மா கையில்.

'ராணி நினைத்திருந்தால் ஒரே நாளில் செய்திருக்கலாமே' என்ற கேள்விக்குப் பதில் தேடும்போது இந்த மூன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றைச் சொல்லி எல்லாத் தாமதத்தையும் நியாயப்படுத்திவிட முடியாது என்பதையும் சேர்த்து.

வைக்கத்தில் ராணியின் பங்கு என்ன?

போராட்டம் தொடங்கியது 1924 மார்ச் 30. புலையரான குஞ்ஞாப்பி, ஈழவரான பாகுலேயன், நாயரான கோவிந்தப் பணிக்கர் ஆகிய மூன்று பேர் தடை செய்யப்பட்ட சாலையை நோக்கி நடந்தார்கள். கைதானார்கள். டி.கே. மாதவன், கே.பி. கேசவ மேனன் போன்ற தலைவர்கள் உள்ளே போனதும் ஏப்ரலில் பெரியார் வைக்கம் வந்தார். இரண்டு முறை சிறை. இரண்டாவது முறை கடுங்காவல், திருவனந்தபுரம் மத்திய சிறையில். நாகம்மையார் பெண்களைத் திரட்டிக்கொண்டு களத்தில் நின்றார்.

இவ்வளவும் பழைய ராஜா காலத்தில் நடந்தவை. ஆகஸ்ட்டில் ராஜா இறந்து, ஆட்சி மாறியபோது சத்தியாகிரகக் கைதிகள் விடுதலை செய்யப்பட்டார்கள். பெரியாரும் வெளியே வந்தார்.

இங்கே கணக்கைப் பாருங்கள். 1924 மார்ச் 30-லிருந்து 1925 நவம்பர் 23 வரை 603 நாட்கள். அதில் முதல் 155 நாட்கள்தான் ராணிக்கு முந்தையவை. மீதி 448 நாட்கள், அதாவது கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு, சேது லட்சுமி பாயியின் ஆட்சியில் கழிந்தது. 'ராணி வந்தார், தெரு திறந்தது' என்று யாராவது ஒரு வரியில் சொன்னால் இந்த 448-ஐக் காட்டுங்கள்.

அந்த 448 நாட்களில் என்ன நடந்தது?

1924 நவம்பரில் மன்னத்து பத்மநாபன் தலைமையில் மேல்சாதியினரே வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடந்தே போனார்கள். நாகர்கோவில் பக்கமிருந்து இன்னொரு அணி, டாக்டர் எம்.இ. நாயுடு தலைமையில் கிளம்பியது. 25,000-க்கும் மேற்பட்ட மேல்சாதியினர் கையெழுத்திட்ட மனு ராணியிடம் கொடுக்கப்பட்டது. 'எங்களுக்கே ஆட்சேபம் இல்லை, திறந்துவிடுங்கள்' என்பதுதான் அதன் சாரம். ராணி உத்தரவு போடவில்லை. விஷயம் சட்டசபைக்குப் போனது.

1925 பிப்ரவரி 7-ம் தேதி சட்டசபையில் ஓட்டெடுப்பு. ஆதரவு 21, எதிர்ப்பு 22. ஒரே ஒரு ஓட்டில் தீர்மானம் தோற்றது. அரசுத் தரப்பு தீர்மானத்தை ஆதரித்திருந்தால் முடிவு அன்றைக்கே வேறாக இருந்திருக்கும். ராணியின் ஆட்சியைப் பற்றிப் பேசும்போது மறைக்கக் கூடாத இடம் இது.

மார்ச் 9-ம் தேதி காந்தி வைக்கம் வந்தார். மறுநாள் இண்டந்துருத்தி மனைக்குப் போய் ஆசாரவாதிகளோடு பேசினார். வைசியர் என்பதால் அவரையே வீட்டுக்குள் விடாமல் வெளியே உட்கார வைத்தார்கள். (அந்த மனை பிற்காலத்தில் கள் இறக்கும் தொழிலாளர்களின் சங்க அலுவலகம் ஆனது.) அதன் பிறகு வர்க்கலையில் ராணியைச் சந்தித்தார். நகைகளால் ஜொலிக்கிற ஒரு மகாராணியை எதிர்பார்த்துப் போனவருக்கு, வெள்ளைத் துணியில் ஆடம்பரமே இல்லாமல் இருந்த ஓர் இளம்பெண்ணைப் பார்த்து ஆச்சரியம். அதைத் தன் பத்திரிகையிலும் எழுதினார்.

இந்தச் சந்திப்பைப் பற்றிப் பெரியார் பிற்காலத்தில் மேடைகளில் சொன்ன விவரம் சுவாரசியமானது. ராணி தெருவைத் திறக்கத் தயார், ஆனால் தெருவைத் திறந்தால் அடுத்து கோயிலுக்குள் விடச் சொல்வார்களோ என்று பயம். காந்தி இதைப் பெரியாரிடம் வந்து கேட்கிறார். கோயில் நுழைவு நம் லட்சியம்தான், ஆனால் இப்போதைக்கு அதற்குக் கிளர்ச்சி செய்யப்போவதில்லை என்று சொல்லுங்கள் என்கிறார் பெரியார். அந்த உறுதி போன பிறகுதான் சமரசம் நகர்ந்தது என்பது அவர் தரப்பு.

போலீஸ் கமிஷனர் பிட்டுக்கும் காந்திக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தில் தடையுத்தரவு விலக்கப்பட்டது. கடைசியில் 1925 நவம்பர் 23-ம் தேதி கோயிலைச் சுற்றியிருந்த சாலைகளில் மூன்று பக்கம் எல்லோருக்கும் திறக்கப்பட்டன. கிழக்குப் பக்கம் மட்டும் திறக்கப்படவில்லை. அதற்குப் பதிலாக மாற்றுப் பாதை. வைக்கம் வெற்றிவிழா நவம்பர் 29-ம் தேதி பெரியார் தலைமையில் நடந்தது.

முழு வெற்றியா, முக்கால் வெற்றியா? அன்றைக்கே சண்டை இருந்தது. ஆனால் விஷயம் அங்கே நிற்கவில்லை. 1926-ல் நம்ம சுசீந்திரத்தில் அதே கோரிக்கையோடு சத்தியாகிரகம் தொடங்கியது. (கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1-ல்தான்.) 1928 வாக்கில் ராஜ்யம் முழுக்கக் கோயில் சாலைகள் எல்லாச் சாதியினருக்கும் திறந்துவிடப்பட்டன. இதுவும் சேது லட்சுமி பாயியின் அரசு செய்ததுதான்.

ஆக, தள்ளியது போராட்டம். கதவைத் திறந்த கை ராணியுடையது. திறக்க எடுத்துக்கொண்ட நேரத்துக்கும் பொறுப்பு அவருடையதே.

யாரும் தள்ளாமல் அவர் செய்தவை என்ன?

இங்கேதான் ராணியின் உண்மையான முகம் தெரிகிறது.

*பெண்கள்:* பொறுப்பேற்ற அதே 1924 செப்டம்பரில் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸை சட்டசபைக்கு நியமித்தார். திருவிதாங்கூர் சட்டசபையில் உட்கார்ந்த முதல் பெண் இவர். அரண்மனையின் தலைமை மருத்துவர் பொறுப்பும் அவருக்கே. பெண் என்பதால் திருவனந்தபுரம் கல்லூரியில் அறிவியல் படிக்க இடம் கிடைக்காமல், லண்டன் போய் டாக்டரானவர் மேரி லூக்கோஸ். 1938-ல் ராஜ்யத்தின் சர்ஜன் ஜெனரலாகவும் உயர்ந்தார். மெட்ராஸ் மாகாணச் சட்டசபைக்கு முத்துலட்சுமி ரெட்டி வந்தது, மேரி லூக்கோஸ் நியமனத்துக்கு இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான்.

திருவனந்தபுரத்தில் பெண்கள் சட்டம் படிக்கத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். அன்னா சாண்டி 1926-ல் சட்டப் பட்டம் வாங்கினார். 1937-ல் முன்சீப், 1959-ல் ஹைகோர்ட் ஜட்ஜ். கொச்சியில் இருப்பவர்கள் தினமும் கடந்துபோகிற எர்ணாகுளத்தில்தான் கேரள ஹைகோர்ட் இருக்கிறது. நாட்டிலேயே ஒரு பெண் ஹைகோர்ட் நீதிபதி ஆனது அங்கேதான் முதல்முறை.

*கோயில்கள்:* அரசு நடத்திய கோயில்களில் மிருக பலியை 1925-ல் நிறுத்தினார். தேவதாசி முறையும் இவர் ஆட்சிக் காலத்திலேயே முடிவுக்கு வந்தது. மெட்ராஸ் மாகாணத்தில் அதே முறையை முழுசாகத் தடை செய்யும் சட்டம் வர 1947 ஆனது.

*ஊராட்சி:* 1925-ல் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம்.

*உள்கட்டமைப்பு:* 1929-ல் திருவனந்தபுரத்துக்கு மின்சாரம். 1931-ல் ரயில் பாதை நகரின் நடுவே தம்பானூர் வரை நீண்டது. நீங்கள் இன்று இறங்குகிற திருவனந்தபுரம் சென்ட்ரல் அதுதான்.

கொச்சிக்கும் ஒரு தொடர்பு உண்டு. வைட்டிலா அப்போது கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, ராணியின் ஆட்சி எல்லைக்கு வெளியே. ஆனால் கொச்சித் துறைமுகம் ஒரு ராஜ்யத்தால் மட்டும் கட்ட முடிகிற விஷயமாக இல்லை. இந்திய அரசு, மெட்ராஸ் அரசு, கொச்சி, திருவிதாங்கூர் ஆகிய நான்கு தரப்பும் 1925-ல் ஒப்பந்தம் போட்டன. செலவிலும் சுங்க வருமானத்திலும் பங்கு. பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ ஆழப்படுத்திய கால்வாய் வழியாக 1928 மே 26-ம் தேதி 'பத்மா' கப்பல் உள்துறைமுகத்துக்குள் வந்தது. பக்கத்து ராஜ்யத்தின் துறைமுகத்துக்குப் பணம் போட ஒப்புக்கொண்ட திருவிதாங்கூர் அரசு, சேது லட்சுமி பாயியின் அரசு.

மருமக்கத்தாயத்தை அவரே ஏன் கலைத்தார்?

கேரளத்தில் பெரும் மாற்றம் கொண்டுவந்தது 1925-ன் நாயர் சட்டம். அதுவரை சொத்து தறவாட்டுக்கு, அதாவது தாய்வழிக் கூட்டுக்குடும்பத்துக்குச் சொந்தம். நிர்வாகம் மூத்த தாய்மாமன் கையில். அப்பா சம்பாதித்ததில் பிள்ளைகளுக்கு உரிமை நிச்சயமில்லை. புதிய சட்டம் ஆளுக்கொரு பங்கு பிரித்துக்கொள்ள வழி செய்தது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சட்டப்படி உரிமை வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு மனைவி வைத்துக்கொள்வதும் தடுக்கப்பட்டது. ஈழவர்களுக்கும் அதே காலத்தில் தனிச் சட்டம் வந்தது.

தமிழர்களுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. நாஞ்சில் நாட்டில், அதாவது நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில், தமிழ் பேசும் வேளாளர்களும் மருமக்கள் வழிதான். அப்பாவின் சொத்தில் பெரும்பகுதி அவருடைய சகோதரி மகனுக்கு. சொந்தப் பிள்ளைகளுக்கு 'உகந்துடைமை' என்ற பெயரில் ஒரு சின்னப் பங்கு. இதனால் நடந்த வழக்கு, வம்பு, கண்ணீர் எல்லாவற்றையும் கிண்டலாகச் சொல்லத்தான் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' எழுதினார். கவிமணி எழுதிக் கொஞ்ச வருஷத்தில், 1926-ல், நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. மக்கள்வழிக்குக் கதவு திறந்தது.

ஒரு முரணைக் கவனியுங்கள். பெண்வழி வாரிசு முறையால் மட்டுமே ராணியானவர் சேது லட்சுமி பாயி. அந்த முறையைச் சாதாரண மக்கள் வாழ்க்கையிலிருந்து விலக்கும் சட்டம் அவர் ஆட்சியில்தான் வந்தது. இதனால் பெண்களுக்கு லாபமா நஷ்டமா? மனைவியாக இருந்த பெண்ணுக்கு லாபம்: கணவன் இறந்தால் தெருவில் நிற்க வேண்டாம். மகளாக, சகோதரியாக இருந்த பெண்ணுக்கு ஒரு நஷ்டம்: கல்யாணம் என்ன ஆனாலும் பிறந்த வீடு தனக்கு உண்டு என்ற உறுதி கரையத் தொடங்கியது. கேரளத்தில் கூட்டுக்குடும்பச் சொத்துமுறை முழுசாக ஒழிக்கப்பட்டது 1975-ன் சட்டத்தால். தொடக்கம் 1925.

எங்கே சறுக்கினார்?

இரண்டு இடங்கள் முக்கியம்.

ஒன்று, 1926-ன் பத்திரிகைச் சட்டம். அரசை விமர்சித்த பத்திரிகைகளைக் கட்டுப்படுத்த, திவான் எம்.இ. வாட்ஸ் காலத்தில் கொண்டுவரப்பட்டது. ஒரு பக்கம் பள்ளிக்கூடம், இன்னொரு பக்கம் பத்திரிகைக்குப் பூட்டு. படித்த மக்கள் எழுதத்தானே செய்வார்கள்? அன்றைய பத்திரிகையாளர்கள் இதை மன்னிக்கவில்லை. பத்திரிகைத் துறையில் இருக்கிற நாங்களும் இதைச் சின்ன விஷயமாகக் கடந்துபோக முடியாது.

இரண்டு, கோயில் நுழைவு. சாலைகள் திறந்தன, கோயில் கதவு திறக்கவில்லை. சிறுவயது மன்னருக்காக ஆட்சியைக் காப்பவர் இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்யலாமா என்பது ரீஜன்சிக்கு இருந்த தயக்கம். கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12-ல் வந்தது. சித்திரைத் திருநாள் கையெழுத்து, திவான் சி.பி. ராமசாமி ஐயர். வைக்கம் சாலை திறந்து கிட்டத்தட்ட 11 வருஷம் கழித்து. வரலாற்றில் பெரிய எழுத்தில் இருப்பது அந்தத் தேதிதான்.

ரஷ்யாவில் இதே மாதிரி ஒருவர்

அரண்மனையில் பிறந்து மக்கள் நலனுக்கு இறங்கிய பெண்களுக்கு உலகம் என்ன பதில் சொன்னது? ஒப்பிட்டுப் பார்க்க, சேது லட்சுமி பாயியின் காலத்தவரான சோபியா பானினா என்ற ரஷ்யப் பிரபுகுலப் பெண்ணைப் பார்க்கலாம்.

1871-ல் பிறந்தவர், பெரும் பணக்காரி. 1903-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் தொழிலாளர் பகுதியில் லிகோவ்ஸ்கி மக்கள் இல்லம் என்ற கட்டடத்தைத் தன் காசில் கட்டினார். நூலகம், நாடக அரங்கு, மலிவு விலை உணவகம், ராத்திரிப் பள்ளி, இலவசச் சட்ட ஆலோசனை, எல்லாம் ஒரே இடத்தில். 1917-ல் ஜார் மன்னர் வீழ்ந்ததும் வந்த தற்காலிக அரசில் துணை அமைச்சர் ஆனார். மக்கள் நலத்துறை, பிறகு கல்வித்துறை.

சில மாதத்தில் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்தார்கள். கல்வித்துறையின் பணம் சுமார் 93,000 ரூபிளைப் புதிய அரசிடம் ஒப்படைக்க அவர் மறுத்தார். 1917 டிசம்பரில் புரட்சி நீதிமன்றத்தில் விசாரணை. அவருடைய மக்கள் இல்லத்தில் படித்த ஒரு தொழிலாளி எழுந்து அவருக்காகப் பேசினார். தண்டனை கடுமையாக இல்லை: பணத்தைக் கட்டும் வரை காவல், கூடவே பகிரங்கக் கண்டனம். நண்பர்கள் பணம் கட்டி வெளியே எடுத்தார்கள். பிறகு நாட்டை விட்டுப் போனவர், 1956-ல் நியூயார்க்கில் இறந்தார்.

இரண்டு பேருக்கும் வித்தியாசம் உண்டு. பானினா தன் சொத்தைச் செலவழித்தார். சேது லட்சுமி பாயி அரசு கஜானாவையும் சட்டத்தையும் பயன்படுத்தினார். பானினாவைப் புரட்சி வெளியே தள்ளியது. ராணி புரட்சி இல்லாமலேயே மெதுவாக ஓரம்கட்டப்பட்டார். ஒற்றுமை ஒன்றுதான்: மேலிருந்து கொடுத்த நன்மை, கொடுத்தவர் கையில் அதிகாரம் இருக்கும் வரைதான் அவர் பெயரில் இருக்கும்.

பிறகு அவருக்கு என்ன ஆனது?

1931 நவம்பர் 6-ம் தேதி பொறுப்பை ஒப்படைத்தார். சித்திரைத் திருநாள் ஆட்சிக்கு வந்ததும் அரண்மனையில் செல்வாக்கு அவருடைய அம்மா சேது பார்வதி பாயியிடமும், சி.பி. ராமசாமி ஐயரிடமும் போனது. மூத்த ராணி பூஜப்புரையில் இருந்த தன் சாட்டல்மண்ட் அரண்மனையோடு ஒதுங்கினார்.

1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து ஒரே மாநிலம் ஆயின. வைட்டிலாவிலிருந்து வைக்கம் போகும்போது இருந்த ராஜ்ய எல்லை மறைந்தது. 1950-களின் பிற்பகுதியில் அவர் கேரளத்தையே விட்டு பெங்களூரு போய்விட்டார். 1971-ல் மன்னர் மானியமும் ஒழிந்தது. 1985 பிப்ரவரி 22-ம் தேதி, 89 வயதில், பெங்களூருவிலேயே இறந்தார்.

அவர் வாழ்ந்த சாட்டல்மண்ட் அரண்மனையில் இன்று மருத்துவக் கருவி ஆராய்ச்சி நடக்கிறது. இந்தியாவிலேயே உருவான செயற்கை இதய வால்வு அந்த நிறுவனத்துடையது. நிறுவனத்தின் பெயர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிடியூட். வீடு பெரியம்மாவுடையது, பெயர்ப்பலகை மகனுடையது.

2015-ல் மனு எஸ். பிள்ளை எழுதிய 'தி ஐவரி த்ரோன்' புத்தகம் வந்த பிறகுதான் கேரளத்துக்கு வெளியே இவர் பெயர் பரவலாகப் பேசப்பட்டது.

அப்படியானால் வைக்கம் தெருவைத் திறந்தது யார்?

ஒரே பெயரைச் சொன்னால் பதில் தப்பாகிவிடும். குஞ்ஞாப்பியும் பாகுலேயனும் கோவிந்தப் பணிக்கரும் நடக்காமல் இருந்திருந்தால் கேள்வியே எழுந்திருக்காது. மாதவனும் பெரியாரும் நாகம்மையாரும் 603 நாட்கள் விடாமல் பிடிக்காமல் இருந்திருந்தால், 22-21 தோல்வியோடு கதை முடிந்திருக்கும். அதே நேரம், அரியணையில் வேறு யாராவது இருந்திருந்தால் ஜெயில் கதவு அவ்வளவு சீக்கிரம் திறந்திருக்குமா, வர்க்கலைப் பேச்சு நடந்திருக்குமா, 1928-ல் ராஜ்யம் முழுக்கச் சாலைகள் திறந்திருக்குமா என்பதும் நியாயமான கேள்வி.

பட்டியலை மறுபடி பாருங்கள். மேரி லூக்கோஸ் நியமனம், துறைமுக ஒப்பந்தம், பஞ்சாயத்துச் சட்டம், இவை எல்லாம் மளமளவென்று நடந்தன. சாதி என்று வந்த இடத்தில்தான் 448 நாள் எடுத்தது, அப்போதும் கிழக்குச் சாலை மூடியே இருந்தது. நல்லெண்ணம் உள்ள ஆட்சியாளர் கிடைத்தாலும் எந்த இடத்தில் தெருவில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடைப்பது கஷ்டம்.

அடுத்த முறை வைட்டிலாவில் இறங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் இருந்தால், வைக்கம் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். புதுப்பிக்கப்பட்டு 2024 டிசம்பர் 12-ம் தேதி தமிழ்நாடு, கேரள முதல்வர்கள் சேர்ந்து திறந்துவைத்த பெரியார் நினைவகமும் நூலகமும் அங்கே இருக்கின்றன. பார்த்துவிட்டு, கோயிலை ஒரு சுற்று நடந்து வாருங்கள். வடக்கு, மேற்கு, தெற்கு, கடைசியில் கிழக்கு. கிழக்குப் பக்கம் வரும்போது ஒரு நிமிஷம் நில்லுங்கள். 1925-ல் எல்லாம் முடிந்தது என்று அறிவித்த பிறகும் திறக்காமல் இருந்த சாலை அது.